தோலுக்கு வந்த ஜமீலா

1957 மாசி மாதம். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மாத காலம் கூடாரம் அடித்திருந்த சர்க்கஸ் கம்பெனி ஆட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பியது. யானை, குதிரை, சிங்கக் கூண்டு எல்லாம் ரயிலேறின. ஒரு பெண் ஒட்டகம் மட்டும் ஏறவில்லை. அதற்கு உடம்பெல்லாம் சொறி. முடி கொட்டி, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாக வெடித்துக் கிடந்தது. திமில் ஒரு பக்கமாகச் சரிந்து காலிச் சாக்கு மாதிரி தொங்கியது. மற்ற மிருகங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்த மானேஜர், "தோலுக்காவது ஆகும், யாராவது கொண்டுபோங்க" என்று தோல் பதனிடும் ஷாப்புகள் பக்கம் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்.

கொண்டுபோனவர் அதே ஊரில் பேகம்பூர் பகுதியைச் சேர்ந்த மைதீன் பிச்சை. அய்யலூர் ஆட்டுச் சந்தைப் பக்கமிருந்து பச்சைத் தோல்களை மாட்டு வண்டியில் ஏற்றிவந்து திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் இறக்குவதுதான் அவருடைய தொழிலாக இருந்தது. இரண்டு வருஷமாக மூச்சிழுப்பு நோய் அவரைப் பாடாய்ப் படுத்தியது. மாடுகளில் ஒன்று செத்தது, மற்றதை விற்றாயிற்று. வண்டி பின்கொல்லையில் முன்பாரம் கவிழ்ந்து கிடந்தது. அவருடைய மனைவி காதர் பீவி கொல்லையில் தோல்களுக்கு உப்புப் போட்டுக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. காதர் பீவிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குள்ளமான உருவம், கணீரென்ற குரல். எதையும் தானே தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார்.

மறுநாள் காலையில் அறுப்பது என்று முடிவாகி, ஒட்டகத்தைக் கொல்லை வேப்பமரத்தில் கட்டினார் மைதீன் பிச்சை. காதர் பீவி உப்புக் கூடையோடு வந்தபோது கொல்லையின் முள்வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. நீள நீளமான உடைமர முள்ளை ஒட்டகம் முறுக்கு கடிப்பதுபோல் மென்றுகொண்டிருந்தது. மேலுதடு முயலுக்கு இருப்பதுபோல இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த இரண்டு துண்டும் தனித்தனியே அசைந்து, முள்ளுக்கு நடுவிலிருந்த பொடி இலையைக்கூட விடாமல் பொறுக்கின. காதர் பீவி கூடையை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், நாளைக்கு வாரவுகளை வர வேணாம்னு சொல்லிருங்க" என்றார் கணவரிடம்.

"ஏன் புள்ள?"

"இம்புட்டு பசியோட தின்னுற சீவன் சாகப்போற சீவனா? நம்ம செவல மாடு சாகுறதுக்கு முன்னால நாலு நாளு கூளத்தை மோந்துகூடப் பாக்கல. இதுக்குத் தோல்லதான் சீக்கு. உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருக்கு."

"ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். வண்டி சும்மாதானே கெடக்கு? இதைக் கட்டி ஓட்டிப் பாப்போம்."

மைதீன் பிச்சைக்கு இழுப்பு வந்துவிட்டது. அதற்குமேல் வாதாட மூச்சில்லை.

அன்றே காதர் பீவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தார். அங்கே கம்பவுண்டராக இருந்தவர் சிலுவைமுத்து. ஆடு, மாடு, ஜட்கா குதிரை என்று பார்த்துப் பழகியவர். ஒட்டகத்தைச் சர்க்கஸில் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தார். ஆனாலும் வந்தார். கொல்லையில் நின்று கழுத்தை அண்ணாந்து பார்த்தார்.

"தங்கச்சி, எனக்கு இது புதுசு. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். பட்டாளத்துக்காரங்க விட்டுட்டுப்போன பழைய இங்கிலீஷ் புஸ்தகம் ஒண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கு. அதுல ஒட்டகத்தைப் பத்தி எழுதியிருக்கு. படிச்சிட்டு வாரேன்."

படித்துவிட்டு வந்தார். சொறிக்குக் கந்தகத்தைப் பொடித்துப் புங்க எண்ணெயில் குழைத்துப் பூச வேண்டும் என்றார். காதர் பீவி தேங்காய் நாரால் பொருக்கைத் தேய்த்து எடுத்து, எண்ணெயைப் பூசினார். நாள் விட்டு நாள், ஆறு வாரம். தெருவே கந்தக நாற்றம் அடித்தது. சொறி பிடித்த அந்த உருவத்துக்கு அவர் வைத்த பெயர் ஜமீலா. அழகி என்று அர்த்தம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், பெயரை மட்டும் மாற்றவில்லை.

அந்த ஆறு வாரத்தில்தான் காய்ச்சல் விவகாரம் வந்தது. ஒருநாள் மத்தியானம் சிலுவைமுத்து உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். நூற்றி நாலு டிகிரி. பதறிப்போய் மருந்து கரைத்துக் கொடுத்தார். மறுநாள் விடியற்காலை வந்து பார்த்தால் தொண்ணூற்றைந்து. "உடம்பு சில்லிட்டுப் போச்சே, தாங்காது போலிருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார். காதர் பீவி அடுத்த ஐந்து நாளும் காலையிலும் மத்தியானத்திலும் ஜமீலாவின் தொடை இடுக்கில் கை வைத்துப் பார்த்தார். ஆறாம் நாள் கம்பவுண்டரிடம் சொன்னார்:

"அண்ணே, இது காய்ச்சல் இல்ல. தெனமும் காலைல ஆறிக் கெடக்கு, உச்சிப்பொழுதுல கொதிக்குது, மறுபடி காலைல ஆறிருது. தீனி ஒரு பிடி கொறையல. நம்மளா இருந்தா வேர்த்துக் கொட்டும். இது வேர்க்கவே மாட்டேங்குது. சூட்டை உடம்புலயே வாங்கி வச்சுக்கிட்டு, ராத்திரி குளிர்ச்சியில எறக்கிருது."

சிலுவைமுத்து புத்தகத்தைத் திரும்பப் புரட்டினார். காதர் பீவி சொன்னது கிட்டத்தட்ட அப்படியே அதில் இருந்தது. தண்ணீரை வேர்வையாகச் செலவழிக்காமல் இருக்க ஒட்டகத்துக்கு இயற்கை கொடுத்த வழி அது. "நான் படிச்சும் விட்டுட்டேன், நீங்க தொட்டே கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார் அவர். அன்றிலிருந்து அவரும் எதுவானாலும் முதலில் காதர் பீவியைக் கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தார். திமிலில் தண்ணீர் இல்லை, இருப்பதெல்லாம் கொழுப்பு என்பதையும் அவர்தான் படித்துச் சொன்னார். வேப்பிலையும் உடை முள்ளும் பருத்திக்கொட்டையும் உள்ளே போகப் போக, சரிந்த திமில் மெல்ல நிமிர்ந்தது. தோலில் பழுப்பு முடி துளிர்த்தது.

இன்னொன்றையும் காதர் பீவியே கவனித்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டால் ஜமீலா நேரே தோல் உப்புப் போடும் இடத்துக்குப் போய்த் தரையை நக்கும். அழுக்கு உப்பைத் தின்றுவிடப் போகிறதே என்று விரட்டினாலும் திரும்பத் திரும்ப அங்கேயே போகும். அதற்கு உப்பு வேண்டும்போல என்று தோன்றி, தினமும் தவிட்டில் ஒரு கைப்பிடி சமையல் கல்லுப்பைக் கலந்து வைத்தார். காலை இழுத்து இழுத்து நடந்த ஜமீலா ஒரு வாரத்தில் நேராக நடந்தது. மாட்டுக்கு வைப்பதைப்போலப் பல மடங்கு உப்பு ஒட்டகத்துக்கு வேண்டும் என்று சிலுவைமுத்து பிறகு படித்துச் சொன்னார்.

உடம்பு தேறியாயிற்று. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உட்கார் என்றால் நின்றது, நட என்றால் உட்கார்ந்தது. மைதீன் பிச்சை மாட்டை அதட்டுவதுபோல் 'ஹை, ஹை' என்று அதட்டிப் பார்த்தார். அது அவரைக் குனிந்து பார்த்துவிட்டு அசைபோட்டது. அடுத்த வீட்டுப் பெண்மணி மெஹராஜ் உருது பேசுகிறவர். வேடிக்கை பார்க்க வந்தவர், "சர்க்கஸ்காரன் வடக்கத்தியான். அதுக்குத் தமிழு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, "பைட்! பைட் ஜா!" என்று குரல் கொடுத்தார்.

ஜமீலா முன்னங்காலை மடக்கியது. பின்னங்காலை மடக்கியது. நெஞ்சுக்கடியில் காய்த்துப்போயிருந்த திட்டைத் தரையில் ஊன்றி, பெரிய மூட்டையை இறக்கி வைத்ததுபோல் உட்கார்ந்தது. கொல்லையில் கூடியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மைதீன் பிச்சையும் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். காதர் பீவி மெஹராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இன்னும் எம்புட்டு வார்த்தை இருக்கோ அம்புட்டையும் சொல்லிக் குடுங்க" என்றார். ஒரு மாதத்தில் ஜமீலாவுக்கு வேண்டிய உருது முழுக்க அவருக்கு வந்துவிட்டது.

தச்சு வேலை செய்யும் இஞ்ஞாசி, மாட்டு வண்டியின் நுகத்தை எடுத்துவிட்டு, ஒட்டகத்தின் உயரத்துக்கு இரண்டு நீளமான ஏர்க்கால்களை வைத்துக் கொடுத்தார். திமிலைத் தொடாமல் அதற்கு முன்னும் பின்னும் அழுந்துகிற மாதிரி வைக்கோல் திண்டு ஒன்றைத் தைத்தார் காதர் பீவி. சித்திரைக் கடைசியில் வண்டி தயார்.

அந்தக் கோடையில் ஊருக்குள் கிணறுகள் வரிசையாக வற்றின. கொஞ்சநஞ்சம் ஊறியதும் வாயில் வைக்க முடியாத உப்பு. சிலுவைமுத்துவின் அக்கா அன்னாளுக்கு ஊருக்கு மேற்கே மூன்று மைலில் ஒரு தோட்டம் இருந்தது. அந்தக் கிணறு மட்டும் வற்றவில்லை. காதர் பீவி போய்க் கேட்டார்.

"எடுத்துக்க. ஆனா ஒட்டகத்தோட எருவை வழியில போடாம என் தோட்டத்துல போட்டுட்டுப் போகச் சொல்லு" என்றார் அன்னாள்.

"அது என் பேச்சைக் கேக்கும்மா. ஆனா இந்தப் பேச்சுக்கு எனக்கு உருது தெரியாதே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாளே வண்டியில் மூன்று பீப்பாய் ஏறின. காதர் பீவி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்க, மைதீன் பிச்சை வண்டியில் உட்கார்ந்து பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ள, பேகம்பூருக்குள் தண்ணீர் வந்தது. பொம்பளை ஒட்டகம் ஓட்டுவதா என்று கடைத்தெருவில் ஒருவர் கேட்டார். "குடத்தை நீட்டுங்க, அப்புறமா பேசலாம்" என்றார் காதர் பீவி. கேட்டவர் வீட்டுக் குடமும் வரிசையில்தான் இருந்தது. பேச்சு அதோடு நின்றது.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. நான்கு நாள் தண்ணீர் பக்கமே போகாத ஜமீலா, ஐந்தாம் நாள் தெருவில் வைத்தே பீப்பாய்க்குள் வாயை விட்டது. ஏழெட்டுக் குடம் தண்ணீர் பத்து நிமிஷத்தில் போனது. வயிறு கண்ணெதிரே புடைத்தது. குடத்தோடு நின்ற பெண்கள் கூச்சல் போட்டார்கள். "ஊருக்குத் தண்ணி கொண்டாரேன்னு சொல்லி ஒட்டகத்துக்கே ஊத்துறியே!"

காதர் பீவி குரலை உயர்த்தவில்லை. "நாலு நாளா அது குடிக்காம உங்களுக்குக் கொண்டாந்துச்சு. இந்த வெயில்ல ஒரு ஜோடி மாடு கட்டியிருந்தா தெனமும் இம்புட்டு குடிச்சிருக்கும். வேணும்னா நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார். அதன்பிறகு ஐந்தாம் நாள் தோட்டத்திலேயே குடிக்கவைத்து அழைத்துவரும் வழக்கம் வந்தது. ஐப்பசி மழை தொடங்கும்வரை தண்ணீர் இல்லையென்று அந்தத் தெருக்களில் எந்த வீட்டிலும் உலை நின்றதில்லை.

ஆவணி மாதத்தில் ஜமீலாவிடம் ஒரு புதுப் பழக்கம் தெரிந்தது. யாராவது பின்னால் வந்தால் வாலைச் சுருட்டி முதுகின்மேல் தூக்கிக்கொள்ளும். முதலில் ஈக்கடி என்று நினைத்தார் காதர் பீவி. பிறகு, ஈ இல்லாத நேரத்திலும் தூக்குவதைக் கண்டு, "அண்ணே, இது மாசமா இருக்குமோ?" என்று கேட்டார். சிலுவைமுத்து புத்தகத்தில் தேடினார். சினைப்பட்ட பெண் ஒட்டகம் அப்படித்தான் வாலைத் தூக்கும் என்று எழுதியிருந்தது. சர்க்கஸில் ஒரு ஆண் ஒட்டகமும் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. பதிமூன்று மாதம் சுமக்கும் என்று படித்ததும் மைதீன் பிச்சை, "அல்லாவே, பதிமூணா!" என்று தலையில் கை வைத்தார். மூன்று பீப்பாய் இரண்டாகக் குறைந்தது.

மழை வந்து தண்ணீர் வேலை நின்றபின், பாரம் குறைந்த தோல் கட்டுகளை மட்டும் அய்யலூரிலிருந்து ஏற்றிவந்தார்கள். ஒருநாள் காலை, வடமதுரைக்கு இந்தப் பக்கம், பெரிய ரோட்டில் பாலம் உடைந்ததால் வயல்வழியாகத் திரும்ப வேண்டியிருந்தது. களிமண் தடம். திடீரென்று அடித்த மழையில் அது வழுவழுவென்று ஆகிவிட்டது. மணலில் புதையாமல் இருப்பதற்காக அகலமாகவும் மெத்தென்றும் அமைந்த பாதம் ஒட்டகத்துக்கு. பிடித்து நிற்கக் குளம்பு கிடையாது. சேற்றில் அந்தப் பாதம் வழுக்கியது. ஜமீலாவின் பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விலகத் தொடங்கின. இடுப்புக் கிழிந்தால் அது மறுபடி எழுந்திருக்கவே முடியாது. வயிற்றில் பத்து மாதச் சினை.

"பைட்! பைட்!" என்று கத்தினார் காதர் பீவி.

கால்கள் முழுதாக விலகுமுன் ஜமீலா நெஞ்சை ஊன்றி உட்கார்ந்துவிட்டது. காதர் பீவி சேற்றில் முழங்காலிட்டு, பின்னங்கால்கள் இரண்டையும் ஒரு முழம் இடைவெளி விட்டுக் கயிற்றால் இணைத்துக் கட்டினார். இனி நடக்கலாம், விலக முடியாது. வண்டியை அவிழ்த்தாயிற்று. கெட்டித் தரை முப்பது அடி தள்ளி இருந்தது.

"மச்சான், தோலை எறக்குங்க. மசுரு கீழே இருக்கிறாப்புல தடத்துல விரிங்க."

"ஷாப்பு மொதலாளி அப்பாஸ் ராவுத்தர் சரக்கு புள்ள! அவரு என்ன சொல்லுவாரு?"

"ஷாப்புல மொத வேலையே தோலைத் தண்ணியில ஊறப்போட்டுக் கழுவுறதுதானே? சேறும் சேத்துக் கழுவிக்கிறலாம். நீங்க விரிங்க, நான் அவருகிட்டச் சொல்லிக்கிறேன்."

மைதீன் பிச்சை அன்றைக்கு மூச்சைப் பற்றி நினைக்கவில்லை. கட்டுக் கட்டாகத் தோலைத் தூக்கி வந்து ஒன்றன்மேல் ஒன்று படிய விரித்தார். பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த முத்துச்சாமி என்ற விவசாயி ஓடிவந்து, இடைவெளிகளில் வைக்கோலைப் போட்டார். "எந்திரிக்குமாம்மா?" என்றார் அவர். "எந்திரிக்கும். அவசரப்படுத்தாம இருந்தா எந்திரிக்கும்" என்றார் காதர் பீவி. ஜமீலாவின் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகப் பேசினார். அது பின்பக்கத்தை முதலில் தூக்கியது, பிறகு முன்னங்கால். நடுங்கிக்கொண்டே தோலில் பாதம் வைத்தது. வழுக்கவில்லை. முப்பது அடியைக் கடக்க அரைமணி நேரம் ஆயிற்று. கெட்டித் தரையில் நின்றதும் மைதீன் பிச்சை அதன் கழுத்தில் சாய்ந்துகொண்டு அழுதார். அவர் அழுது காதர் பீவி பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் காதர் பீவியே அப்பாஸ் ராவுத்தரிடம் போய் நடந்ததைச் சொன்னார். ராவுத்தர் தோல்களைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணும் கெடலம்மா. மொதல்ல கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். கேக்காம செஞ்சதும் நல்லதுதான்" என்றார். அன்றோடு காதர் பீவி ஜமீலாவை வண்டியிலிருந்து அவிழ்த்து ஓய்வு கொடுத்தார்.

1958 தை மாதம், ஒரு காலைநேரத்தில் ஜமீலா குட்டி போட்டது. பெட்டைக்குட்டி. காலெல்லாம் நீளம், சுருட்டை முடி. தாய் அதை நக்கவே இல்லை. மாடு கன்றை நக்குவதைப் பார்த்தே பழகிய மைதீன் பிச்சை, "சேத்துக்க மாட்டேங்குது" என்று பதறினார். காதர் பீவி குட்டியைச் சாக்கால் துடைத்துக்கொண்டே ஜமீலாவைப் பார்த்தார். அது மூக்கைக் குட்டியின்மேல் வைத்து வைத்து எடுத்து, தொண்டைக்குள் 'ம்ம், ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. "சேத்துக்கிருச்சு. இது நாக்கால கொஞ்சுற சாதி இல்ல" என்றார். மத்தியானத்துக்குள் குட்டி எழுந்து நின்று பால் குடித்தது.

"திமிலே காணோமே!" என்றார் மெஹராஜ்.

"தின்னாத்தானேக்கா சேரும்" என்றார் காதர் பீவி.

இரண்டு காம்பு குட்டிக்கு, இரண்டு காம்பு வீட்டுக்கு. பால் நுரை நுரையாக வந்தது, லேசாக உப்புக் கரித்தது. தயிராக்கப் பார்த்தார். மூன்று நாள் வைத்தும் உறையவில்லை. நான்காம் நாள் அந்த முயற்சியை விட்டுவிட்டு டீ போட்டுக் குடித்தார்கள். டீ நன்றாகவே இருந்தது.

குட்டியும் வளர்ந்து வண்டிக்கு வந்தது. இரண்டு வண்டிகள் ஓடின. ஓட்டு வீடு எழும்பியது. மைதீன் பிச்சைக்கு நடக்கிற வேலை இல்லை என்பதால் இழுப்பும் அடங்கியே இருந்தது. வண்டியின் மேலே உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு போவதில் அவருக்கு ஒரு மிடுக்கே வந்துவிட்டது. ஊரார் காதர் பீவியை 'ஒட்டகத்தம்மா' என்றார்கள். ஒட்டகம் என்று எந்த ஊரில் பேச்சு எழுந்தாலும் அவரைத் தேடி ஆள் வந்தது.

1963 மார்கழியில் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு மண்டிக்காரர் பஸ் ஏறி வந்தார். பீடி விளம்பரத்துக்காக ஒரு ஆண் ஒட்டகத்தை வடக்கேயிருந்து கொண்டுவந்து ஊர் ஊராக நடத்திக்கொண்டிருந்தாராம்.

"ஏனுங்கம்மா, ஒட்டக வைத்தியம் பாக்குறது நீங்கதானுங்களா? எங்க ஒட்டகத்துக்குக் குடல் வாய்வழியா வெளிய வந்திருச்சுங்க. செவப்பா, பலூனாட்டத் தொங்குதுங்க. வாயெல்லாம் நுரைங்க. நாலு நாளா ஒண்ணும் திங்கலைங்க. அறுத்தெடுத்துடலாம்னு ஒருத்தரு கத்தியோட வந்திருக்காருங்க."

"கத்தியை வைக்க வேணாம்னு சொல்லிட்டீகளா?"

"நீங்க வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேனுங்க."

காதர் பீவி அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினார். மண்டியின் பின்னால் ஒரு புளியமரத்தில் ஒட்டகம் கட்டப்பட்டிருந்தது. சுற்றிலும் ஐம்பது பேர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒட்டகம் தலையைத் தூக்கி, தொண்டையில் குடம் நிரம்புவதுபோல் குளகுளவென்று சத்தம் எழுப்பியது. வாயின் ஒரு பக்கமாகச் சிவந்த பை ஒன்று ஊதிக்கொண்டு வெளியே வந்து தொங்கியது. கூட்டம் பின்வாங்கியது. கொஞ்ச நேரத்தில் பை தானாகவே உள்ளே போய்விட்டது. காதர் பீவி ஆண் ஒட்டகத்தை இந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. சிலுவைமுத்து வாசித்துக் காட்டியதில் கேட்டதுதான். ஆனாலும் சந்தேகம் வரவில்லை.

"கத்திக்காரரே, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். "இது குடல் இல்ல. அண்ணத்துல இருக்கிற சவ்வு. பனிக்காலம் வந்தா ஆண் ஒட்டகம் இப்படித்தான் ஊதிக் காட்டும். திங்காது, பல்லைக் கடிக்கும், பக்கத்துல போனா ஆளையும் கடிக்கும். சீக்கு ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளைக்குப் பொண்ணு கேக்குது, அம்புட்டுத்தான்."

ஐம்பது பேரும் வெடித்துச் சிரித்தார்கள். மண்டிக்காரர் வெட்கத்தோடு, "அப்ப மருந்து எதுவும் வேண்டாமுங்களா?" என்றார்.

"ரெண்டு மாசம் நல்ல சங்கிலியில கட்டிப்போடுங்க. ஊர்வலம் கீர்வலம் கூட்டிப்போகாதீக. எதுக்க நிக்காம பக்கவாட்டுல இருந்து தண்ணி வைங்க. மாசி போனா தானா அடங்கிரும்." சொல்லிவிட்டுத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். மண்டிக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி வற்புறுத்தினார்கள். சுடுசோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் போட்டார்கள். நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவி வந்தபோது வாசலில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்குக் குதிரை நொண்டுகிறதாம், இன்னொருவருக்கு எருமை பால் மறுக்கிறதாம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அப்பு" என்றார் காதர் பீவி. "ஆனா கூட்டிட்டுப் போங்க, தொட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."